அடையாற்றுக்குத் தெற்கே திறந்த கதவுகள்

தொண்டை நாட்டின் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோயில்களும் கோட்டைகளும் போர்க்களங்களுமே. சென்னைக்குத் தெற்கே செல்வோருக்குப் பல்லாவரத்தில் மகேந்திர பல்லவன் குடைவித்த குகையைக் காட்டுகிறோம். பரங்கிமலையின் உச்சியில் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயத்தைக் காட்டுகிறோம். அவை காட்டத்தக்கனவே. ஆயினும் இப்பகுதிக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதனைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. வறுமையில் பிறந்த பிள்ளைகளுக்கும் ஆதரவற்று நின்ற பெண் குழந்தைகளுக்கும், அடையாற்றுக்குத் தெற்கே யார் யார் எப்பொழுது கதவைத் திறந்தார்கள் என்பதே அவ்வரலாறு. மாணவர்களாகிய உங்களுக்கு அதனையே இன்று கூற விழைகிறேன்.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். துன்புறும் குழந்தையைக் கண்டு நெஞ்சம் இளகுவது இரக்கம். அந்த இளக்கம் நாளையும் மறுநாளும் அக்குழந்தைக்குப் பயன்படுமாறு ஓர் ஏற்பாட்டைச் செய்து வைப்பது அறம். நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். பஞ்சத்தால் வாடிய காஞ்சி நகருக்கு மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி வந்து பசி தீர்த்தாள் என்று காப்பியம் கூறுகிறது. அதற்கு முன்பே புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தை அரசனிடம் கேட்டுப் பெற்று, அதனை அறக்கோட்டமாக அவள் மாற்றியதையும் அதே காப்பியம் கூறுகிறது. சோறிட்டது இரக்கம், கட்டடத்தின் பயனையே மாற்றியது அறம். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு பின்வரும் செய்திகளை நோக்குங்கள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் நகரை நோக்கிக் கால்நடையாக வந்தன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி, 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு கூறாகிய அந்நீர்வழியில் இன்று நாம் காண்பது கழிவுநீர். அன்று அதனை வெட்டியவை பசித்த கைகள். பஞ்சம் ஓய்ந்த பின்பும், தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் எஞ்சினர். கிறித்தவச் சமயத் தொண்டர்கள் பலர் அவர்களுக்காக இல்லங்களும் பள்ளிகளும் அமைத்தனர்.

பஞ்சத்தில் முதலில் மடிந்தவர் யார்? நிலமற்றவர். நிலமற்றவர் யார்? பெரும்பாலும் ஊருக்குப் புறம்பே சேரிகளில் வாழ்ந்த உழைப்பாளிகள். இவ்வுண்மையை அரசாங்கத்தின் கண்முன் நிறுத்தியவர்களுள் ஒருவர், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர். அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் அவர் விரிவானதோர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையும் தம்முடையது அன்று என்ற நிலையில் அம்மக்கள் வாழ்வதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. செங்கற்பட்டுப் பகுதியில் தொண்டாற்றிய ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய பாதிரிமார்களும் இதே கருத்தை வற்புறுத்தி வந்தனர். அதன் பயனாக 1892-இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழங்கும் நிலங்கள் அவையே. அடுத்த ஆண்டாகிய 1893-இல் அம்மக்களின் கல்விக்குச் சலுகைகள் வழங்கும் ஆணையும் வெளிவந்தது.

ஆணை பிறந்துவிட்டது, பள்ளி பிறந்துவிட்டதா? இல்லை. ஊர்ப் பள்ளிகளுள் பல, அக்கிரகாரத்திலோ, கோயிலை அடுத்த தெருவிலோ, சாவடியிலோ நடந்தன. சேரிப் பிள்ளை அத்தெருவில் காலடி வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. எழுதப்பட்ட உரிமைக்கும் ஏறவேண்டிய படிக்கும் இடையே ஒரு தெரு குறுக்கிட்டது. அந்தத் தெருவைக் கடக்க ஒருவர் வேறு வழி கண்டார்.

அவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்னும் அமெரிக்கர். 1832-இல் பிறந்த அவர், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இராணுவத் தளவாடக் கொள்முதலில் நடந்த ஊழல்களைத் துருவி ஆராய்ந்து பெயர் பெற்றவர். கர்னல் பட்டமும் அக்காலத்தது. 1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவர். 1882-இல் அச்சபையின் தலைமையிடம் அடையாற்றின் தென்கரைக்கு வந்தது. அந்நாளில் அது நகரின் ஆரவாரம் எட்டாத தோப்பும் மணலும் நிறைந்த இடம். இலங்கைத் தீவில் பௌத்தப் பள்ளிகள் பலவற்றைத் தோற்றுவிக்க ஏற்கெனவே துணைநின்றவர் ஆல்காட். கொழும்பிலுள்ள புகழ்பெற்ற ஆனந்தா கல்லூரியின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. கடல் கடந்து பள்ளி அமைத்தவரின் கண்ணில், தம் வாயிற்படிக்கு அருகே எழுத்தறியாமல் திரிந்த ஊரூர்ப் பிள்ளைகள் படாமல் இருப்பார்களா?

1894-இல் அடையாற்றை அடுத்து முதல் இலவசப் பள்ளியை அவர் திறந்தார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது என்பது நாம் மகிழத்தக்க செய்தி. 1907-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ஆல்காட் மறைந்தபோது ஐந்து பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. முதற்பள்ளி இன்றைய பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயரால் வளர்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வியும் உணவும் வழங்கும் மரபும் அங்கே வளர்ந்தது.

ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இப்பள்ளிகளின் மூன்று சிறப்புகள் என் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, பள்ளி அமைந்த இடம். பிள்ளை பள்ளியைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், பிள்ளை வாழும் இடத்தை நாடிப் பள்ளி சென்றது. இரண்டாவது, கற்பித்த மொழி. பாடம் தமிழிலே நடந்தது, ஆங்கிலம் ஓரளவே. கூலிக் கணக்கைத் தானே பார்க்கவும், கைந்நாட்டு வைக்குமுன் தாளைத் தானே படிக்கவும் அறிந்த பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. மூன்றாவது, கற்பித்த முறை. அமெரிக்காவிலிருந்து வந்து பணியாற்றிய பால்மர் அம்மையார் முதலியோர், விளையாட்டின் வழியே கற்பிக்கும் கிண்டர்கார்ட்டன் முறையை இப்பிள்ளைகளுக்கும் உரியதாக்கினர். செல்வர் வீட்டுக் குழந்தைக்கே அம்முறை கிட்டாத காலத்தில் சேரிக் குழந்தைக்கு அது கிட்டிற்று. ஏழைக்கு இது போதும் என்ற எண்ணம் அங்கே இடம் பெறவில்லை. இதுவே அப்பள்ளிகளின் தலையாய சிறப்பு என்பேன்.

இவ்வரலாற்றை ஒரு வெளிநாட்டார் வந்து கைதூக்கிவிட்ட கதையாக மட்டும் கொள்வது பெரும்பிழையாகும். அம்மக்களே தம் உரிமைக்காக எழுந்து நின்ற காலமும் அதுவே. செங்கற்பட்டு மாவட்டத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கித் தலைநிமிர்ந்தார். சித்த மருத்துவராகிய அயோத்திதாச பண்டிதர் 1898-இல் ஆல்காட்டைச் சந்தித்து, அவர் துணையோடு பௌத்த மறுமலர்ச்சிக்கு வித்திட்டார்; 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நிறுவினார். பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம்.சி. ராஜா, பள்ளி ஆசிரியராகத் தொழில் தொடங்கிச் சட்டசபை உறுப்பினராக உயர்ந்தார். பழைய இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் வழங்கவேண்டும் என்பது 1922-இல் ஏற்கப்பட்டதற்கு அவருடைய முயற்சி பெரிதும் காரணம். கதவைத் திறந்தவரை நாம் போற்றுகிறோம். கதவைத் தட்டியவரையும் போற்ற வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தனிப்பள்ளி அமைத்ததால் தீண்டாமை என்னும் சுவர் இன்னும் உறுதியாயிற்று அன்றோ? நியாயமான ஐயமே. தனிப்பள்ளி ஒருபோதும் முடிவான தீர்வாகாது. ஊரார் தம் பள்ளியின் கதவை மூடி வைத்திருக்க, இவர்களுக்குத்தான் வேறு பள்ளி உண்டே என்று சொல்லித் தப்பிக்கவும் அது இடம் தரும். ஆயினும் பொதுக் கதவு திறக்கும்வரை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தறியாமல் காத்திருக்க வேண்டுமா என்ற வினாவும் உண்டு. ஆற்றுக்குப் பாலம் கட்டவேண்டும் என்று போராடுவதும் வேண்டும். பாலம் கட்டி முடியும்வரை ஓடம் விடுவதும் வேண்டும். ஓடம் இருக்கிறது என்று பாலத்தை மறப்பதுதான் குற்றம்.

எழுத்துக்கு அடுத்த இடையூறு பசி. இதனை முதலில் தெளிவாக உணர்ந்து செயற்பட்டது சென்னை மாநகராட்சி. பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமையில் 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுணவு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆயிற்று. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று மாகாண அரசு தடை கூறவே, 1925-இல் அத்திட்டம் நின்றது. நிதியின் தலைப்பு வேறு, பசியின் தலைப்பு வேறு என்று கணக்கர் பிரித்தனர்; பிள்ளையின் வயிற்றில் அப்பிரிவினை இல்லை. ஈராண்டில் மாநகராட்சி அதனை மீண்டும் தொடங்கியது என்பது ஆறுதலான செய்தி.

இனி, அடையாற்றிலேயே திறந்த இரண்டாவது கதவுக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே இடம்பெற்றுப் படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அவையில் வாதாடியதை வரலாறு அறியும். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அப்பதவியைத் துறந்தார்.

அதே ஆண்டில் அவருடைய வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பொட்டுக்கட்டும் வாழ்வை வேண்டாமென்று உதறி வந்த இளம்பெண்கள் சிலர் அடைக்கலம் கேட்டு நின்றனர். அவர்களை விடுதிகளிற் சேர்க்க அவர் முயன்றார். குலத்தைக் காட்டி விடுதிகள் மறுத்துவிட்டன. சட்டசபையிற் பேசுவது எளிது. தட்டிய கதவைத் திறப்பது அரிது. அவர் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் தந்தார். அதுவே ஔவை இல்லத்தின் தொடக்கம். பின்பு அவ்வில்லம் அடையாற்றில் நிலைபெற்றது. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். ஔவை என்ற பெயர் தமிழ்க் குழந்தைக்கு முதற்பாடம் சொன்ன பெயர். குலம் கேளாமல் குடிசைக்கும் அரண்மனைக்கும் நடந்த பெயர்.

ஔவை இல்லம் உணவும் உறைவிடமும் தந்ததோடு நிற்கவில்லை. பள்ளி அமைத்தது, பெண்களை ஆசிரியப் பணிக்கும் பிற தொழில்களுக்கும் ஆயத்தம் செய்தது. அடைக்கலம் தேடி வந்தவள் பிறர்க்குக் கற்பிக்கும் ஆசிரியையாக வெளியேறும்போதுதான் அறம் நிறைவுறுகிறது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றிலும் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் நிறைவேறியது. 1930-க்கும் 1947-க்கும் இடையே பதினேழு ஆண்டுகள். சட்டம் வரட்டும் என்று அந்த அம்மையார் காத்திருந்தால், அச்சிறுமியர் அந்தப் பதினேழு ஆண்டுகளையும் எங்கே கழித்திருப்பர்? தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரத்தையும் அவர் இவ்வாறே அறமாக்கினார். 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவ நிலையம் அதன் சான்று. 1968-இல் அவர் மறைந்தார்.

அடையாற்றிலிருந்து தாம்பரம்வரை நகரம் நீண்டபோது இத்தொண்டும் உடன் நீண்டது. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். இன்றும் அவ்விடத்தின் இரயில் நிலையம் சானடோரியம் என்றே வழங்குகிறது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பிற்காலத்தில் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமமும் இப்பகுதிக்கு வந்தது. போரினால் அனாதைகளான பிள்ளைகளுக்காக 1949-இல் ஆஸ்திரிய நாட்டின் இம்ஸ்ட் என்னும் ஊரில் ஹெர்மன் மைனர் தொடங்கிய இயக்கம் அது. நூறு பிள்ளைகளை ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்கவைப்பதைவிட, சில பிள்ளைகளுக்கு ஒரு வீடு, அவ்வீட்டுக்கு ஒரு தாய் என்று அமைப்பதே நன்று என்பது அதன் கொள்கை. குழந்தைக்குக் கூரை மட்டும் போதாது. தன் பெயரைச் சொல்லி அழைக்க ஒருவர் வேண்டும் என்பதை உலகம் மெல்லமெல்லக் கற்றுக்கொண்டது.

தனியார் தொண்டு பொதுமக்கள் இயக்கமாக விரிந்தது காமராசர் காலத்தில். 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவலாயிற்று. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று மக்களின் பங்கைத் திரட்டினார். அரிசியும் காய்கறியும் விறகும் ஊராரிடமிருந்து வந்தன. பின்னர்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் எழுந்தன. அவற்றுள் முதலாவது, 1958-இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. ஊரார் தம் பள்ளிக்கு மேசையும் நாற்காலியும் கடிகாரமும் சீருடையும் கொண்டுவந்து குவித்தனர். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மதிய உணவு, சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் தொடங்கியது. 1920-இல் ஓரணாவில் முளைத்த வித்து, ஒரு நூற்றாண்டில் இவ்வாறு ஆலமரமாயிற்று. 2002-இல் செய்த அரசியலமைப்புத் திருத்தமும் 2009-இல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை உரிமையாக்கின.

அவ்வாறாயின் இனித் தொண்டுக்கு வேலை இல்லையா? வேலை உண்டு, அதன் முகம் மாறியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டித் துரைப்பாக்கத்தில் எழுந்த கண்ணகி நகர், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய குடியிருப்புகளை எண்ணிப் பாருங்கள். நகரின் நடுவே ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் சென்றோர் பலர். வீடு மாறலாம், பள்ளி உடன் மாறுமா? கல்வியாண்டின் நடுவே பிடுங்கி நடப்பட்ட பிள்ளைகளுள் எத்தனை பேர் வேர் பிடித்தனர்? அவ்வாறே செங்கற்சூளைகளிலும் கட்டட வேலைத் தளங்களிலும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த பெற்றோருடன் வாழும் பிள்ளைகள் உளர். வேலை முடிந்ததும் குடும்பம் பெயரும். பிள்ளையின் பெயரோ பள்ளிப் பதிவேட்டில் தங்கிவிடும். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் இத்தகைய பெயர்களுக்கு நேரே நீண்ட விடுப்பு என்று எழுதுவதைப் போன்ற வருத்தமான வேலை எனக்கு வேறில்லை. 1894-இல் ஒரு தெரு குறுக்கே நின்றது. இன்று தூரமும் மொழியும் அடிக்கடி மாறும் முகவரியும் குறுக்கே நிற்கின்றன.

ஆகவே மாணவர்களே, இவ்வரலாறு உங்களுக்குச் சொல்லும் கடமைகளைச் சுருக்கிக் கூறுகிறேன். உங்கள் தெருவில், உங்கள் வீடு கட்டுமிடத்தில், பள்ளி வயதுப் பிள்ளை ஒன்று பகலில் திரிந்தால் அதன் பெயரைக் கேளுங்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியருக்குத் தெரிவியுங்கள். சான்றிதழ் இல்லை என்பதற்காக எப்பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். கைவிடப்பட்ட குழந்தையையோ துன்புறுத்தப்படும் குழந்தையையோ கண்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். கல்லூரி மாணவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தர முன்வரலாம். ஆனால் ஒரு மாதம் வந்து மறு மாதம் மறைந்துவிடாதீர்கள். ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட குழந்தைக்கு அது மற்றுமொரு கைவிடலாகும்.

இன்னொன்றும் கூறுவேன். பிறந்தநாளன்று இல்லத்துக்குச் சென்று இனிப்பு வழங்கிப் படம் எடுத்து வருவது இன்று பெருவழக்காகியுள்ளது. இனிப்பு தவறன்று. ஆனால் கையேந்தி நிற்கும் தன் உருவம் ஊரெல்லாம் திரிவதை எந்தக் குழந்தையும் விரும்பாது. நீங்கள் அவ்விடத்தில் இருந்தால் விரும்புவீர்களா என்று எண்ணிப் பாருங்கள். கொடுப்பவன் பெயர் மறைவதும் பெறுபவன் மானம் நிலைப்பதுமே நம் நாட்டு மரபு.

ஆல்காட் பள்ளியில் படித்த முதற்பிள்ளைகளின் பெயர்களை இன்று எவரும் சொல்வதில்லை. ஔவை இல்லத்துக் கதவைத் தட்டிய அந்த இளம்பெண்களின் பெயர்களும் வரலாற்று நூல்களின் தலைப்புகளில் இல்லை. ஆயினும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நம்மிடையே ஆசிரியர்களாகவும் செவிலியராகவும் அலுவலர்களாகவும் நடமாடக்கூடும். பேருந்தில் உங்கள் அருகே அமர்ந்திருக்கவும் கூடும். அவர்களை இனங்கண்டுகொள்ள எந்த அடையாளமும் இல்லை. அடையாளம் இல்லாமற் போனதே அத்தொண்டின் வெற்றி.